அம்பிகா யார், பாபு யார்

கண்டியில் மழைக்காலத்தில் நோட்டீஸ் பலகையில் குத்திய தாள் மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஓரம் சுருண்டுவிடும், குத்தூசியைச் சுற்றித் துரு இறங்கும். அதனால் நான் எதையும் இரண்டு பிரதி எடுப்பேன். ஒன்றைப் பலகையில் குத்துவேன், மற்றதைப் பைலில் வைப்பேன். விமலநாதன் ஒழுங்கான ஆள் என்று நிறுவகத்தில் எனக்குப் பெயர் இருந்தது.

நீங்கள் தொலைபேசியில் கேட்டது சின்னக் கேள்வி. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துக் கறுப்பையா, காணாமல் போன தன் மகள் புஷ்பத்தைப் பற்றிப் பதின்மூன்று வருடங்களாக அனுப்பிய மனுக்கள் எல்லாம் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன, அது உங்களுடையதா என்று கேட்டீர்கள். என்னுடையதுதான். திங்கட்கிழமை விசாரணைக் குழுவின் முன் வந்து அதை மட்டும் உறுதிப்படுத்தினால் போதும் என்றீர்கள். வந்து சொல்வதைவிட எழுதித் தருவது எனக்குச் சுலபம். எழுதுகிற கையோடு மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

பிலிமத்தலாவைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சிறிய விஞ்ஞான நிறுவகத்தில் நான் பௌதிகவியல் விரிவுரையாளராக இருந்தேன். நிறுவகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அது ஒரு பிழையும் செய்யவில்லை. 1996ஆம் ஆண்டில் முழு நிறுவகத்துக்கும் மின்னஞ்சல் வரும் கணினி ஒன்றுதான். அது என் அறையில் இருந்தது, கடவுச்சொல் என்னிடம் இருந்தது. யாருக்கு எது வந்தாலும் ஒரே முகவரிக்கு வரும். நான் அச்செடுத்து அவரவர் பெட்டியில் போடுவேன்.

குவாண்டம் தகவல் அறிவியல் அப்போது உலகத்துக்கே புதிது. ஒளியின் ஒற்றைத் துணிக்கையில் ஒரு செய்தியை ஏற்றலாம், அதைக் கொண்டு இரகசியம் காக்கலாம், ஒரு நாள் அதில் கணினியே செய்யலாம் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கே என்ன புதிதாக நடக்கிறது, எங்கே ஆய்வு மாணவர் தேடுகிறார்கள், எந்த மாநாடு பயணச் செலவு தருகிறது என்பதையெல்லாம் திரட்டி, பதினான்கு நாளுக்கு ஒரு தடவை இரண்டு பக்கத் தாளாகப் போடுவேன். 'வாய்ப்புகளும் செய்திகளும்' என்று அதற்குத் தலைப்பு. வாசகர்கள் ஆறு பேர். உண்மையில் வாசித்தது ஒருத்தி.

அதற்கு முன் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்துமூன்று வயதில் எனக்குக் கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அந்தக் கடிதம் கொழும்பில் நான் தங்கியிருந்த வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு அலுமாரியும் எரிந்தது. நான் அகதி முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்ற நாட்களில் கடைசித் திகதி கடந்துபோயிற்று. அதன் பிறகு, உலகத்தில் எங்கேயோ எனக்கென்று ஒரு கதிரை காலியாகக் கிடக்கிறது என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

புஷ்பம் 1996இல் தற்காலிக உதவி விரிவுரையாளராக வந்தாள். இருபத்தைந்து வயது. தகப்பன் கறுப்பையா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவள் வந்து இரண்டாவது வாரம் என்னுடைய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்றாள்.

"சேர், இதுல அரைவாசின்னு போட்டிருக்கீங்க. கால்வாசிதாங்க வரும்."

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"நடுவுல நின்னு கேக்கிறவன் பாதி தரம் சரியாவே ஊகிச்சிருவான். தப்பா ஊகிக்கிறதுலயும் பாதிதான் பிழையா வெளிய தெரியும். பாதியில பாதிங்க."

அவள் சொன்னது சரி. இது என்ன கணக்கு என்பதை உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். தூரத்தில் இருக்கும் இரண்டு பேர் தங்களுக்குள் ஓர் இரகசிய எண்ணை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒளித் துணிக்கைகளை ஒவ்வொன்றாக அனுப்புகிறார். சிலதை நேராக, சிலதைச் சரிவாக. கொப்பியில் எழுதும்போது நேருக்கு ஒரு கூட்டல் அடையாளம், சரிவுக்கு ஒரு பெருக்கல் அடையாளம், பக்கத்தில் சைபரோ ஒன்றோ. நடுவில் மூன்றாவது ஆள் புகுந்து பார்த்தால் துணிக்கை குழம்பிவிடும். மற்றப் பக்கத்தில் கால்வாசி பிழையாகத் தெரியும், இரண்டு பேரும் உஷாராகிவிடுவார்கள். வெளிநாட்டில் இந்த இரண்டு பேருக்கும் ஏ, பி என்று தொடங்கும் இரண்டு ஆங்கிலப் பெயர்களை வைத்திருக்கிறார்கள். புஷ்பம் தன் கொப்பியில் அவர்களை அம்பிகா என்றும் பாபு என்றும் மாற்றிக்கொண்டாள். அம்பிகா அனுப்புவாள், பாபு வாங்குவான். எனக்கு அது பிடித்திருந்தது. முப்பத்தோராவது தாளில் அதை ஒரு துணுக்காகப் போட்டேன். எங்கள் நிறுவகத்தின் தலைவர் சிங்களவர். அவர் அதை வாசித்துச் சிரித்து, பாபுவுக்குப் பதில் பண்டா என்று ஒரு சிங்களப் பெயரை வைத்திருக்கலாமே என்றார்.

அவள் கெட்டிக்காரி என்பதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. எங்களுடைய யாழ்ப்பாணத்து நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது, தோட்டத்திலிருந்து வந்து இவ்வளவு செய்கிறாள் பாருங்கோ என்று சொல்வேன். பாராட்டாகத்தான் சொன்னேன். என் மனைவி தவமணி ஒரு நாள், "அந்த 'தோட்டத்திலயிருந்து' எண்டதை விட்டிட்டுச் சொன்னால் என்ன?" என்று கேட்டாள்.

1997 ஒக்டோபரில் ஓர் அறிவித்தல் வந்தது. ஐரோப்பாவில், இந்தத் துறையில் முன்னணியில் நின்ற ஓர் ஆய்வுகூடம், போரும் வறுமையும் உள்ள நாடுகளிலிருந்து ஒரேயொருவரை மூன்று வருடத்துக்கு எடுக்கிறது. முப்பத்தெட்டு வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். அடுத்த மார்ச்சில் எனக்கு முப்பத்தெட்டு.

அந்த வாரத் தாளில் அது வரவில்லை. இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தன. முடிந்துபோன மாநாடு ஒன்றைப் பற்றிய செய்தியை எடுத்திருந்தால் இடம் கிடைத்திருக்கும். நான் எடுக்கவில்லை. என்னுடைய விண்ணப்பத்தை எழுதி, தலைவரின் சிபாரிசோடு அனுப்பினேன்.

புஷ்பம் அந்த ஆய்வுகூடத்து ஆராய்ச்சியாளர் ஒருவருக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு கேள்வி எழுதியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும், என் கணினியிலிருந்துதான் போனது. அதற்குப் பதில் நவம்பரில் வந்தது. அவளுடைய கேள்வியை மிகவும் மெச்சி, இந்த இடத்துக்குக் கட்டாயம் விண்ணப்பிக்கும்படி எழுதியிருந்தார். நான் அச்செடுத்தேன். அவளுடைய பெட்டியில் போடவில்லை, என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது. பதில் ஏதும் வந்ததா என்று இரண்டு தடவை கேட்டாள். லைன் சரியில்லை என்றேன். அந்த நாட்களில் லைன் உண்மையாகவே சரியில்லாமல்தான் இருந்தது. தபால் பிந்தும், மின்சாரம் நிற்கும், தொலைபேசி செத்துப்போகும். அதற்குள் ஒரு மனிதனுடைய கை இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

பத்தாம் நாள் அந்த ஆராய்ச்சியாளரிடமிருந்து விமானத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. மின்னஞ்சல் கிடைக்காமல் போயிருக்கலாம் என்று மனிதர் திரும்பவும் எழுதியிருந்தார். அவள் அதை நேரே என்னிடம் கொண்டுவந்தாள்.

"சேர், இது உங்களுக்கும் பொருந்துதுங்க. உங்க வயசுக்கு இதுதானே கடைசி. நீங்களும் போடுங்க சேர். யாருக்குக் கெடைச்சாலும் நம்ம எடத்துக்குத்தானே."

"பாப்பம்" என்றேன். என்னுடையது போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

அவளுடைய விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கொடுத்தாள். லைன் கெட்டுப்போய் வரும் பிழையையும், நடுவில் ஒருவன் நின்று கேட்பதால் வரும் பிழையையும் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் அவள் செய்ய விரும்பிய ஆராய்ச்சி. ஆறு பக்கம். நான் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு சமன்பாட்டின் அடையாளத்தை மாற்றினால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். மாற்றவில்லை. அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது நினைவிருக்கிறது.

ஜனவரி பத்தொன்பதாம் திகதி முடிவு வந்தது. அவளுக்குக் கிடைத்தது. எனக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல்: நீங்கள் இரண்டாவது இடத்தில் இருக்கிறீர்கள், முதலாமவர் மார்ச் முப்பத்தோராம் திகதிக்குள் பயணத்தை உறுதி செய்யாவிட்டால் இடம் உங்களுக்கு வரும். அவளுக்கு வந்ததை நான் அந்த நிமிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கதிரையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவுக்குத் தந்தி அடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டாள்.

ஆறு நாள் கழித்து, பௌத்தர்களின் புனிதத் தலமான தலதா மாளிகையடியில் புலிகளின் குண்டு வெடித்தது. அதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த வாரங்களில் கண்டியில் தமிழ் பேசியவர்கள் எப்படி நடந்தோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் வாய் திறப்பதில்லை. அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்திருப்போம். தமிழர் தங்கிய வீடுகள் ஒவ்வொன்றாகச் சோதனையிடப்பட்டன. புஷ்பம் கட்டுகஸ்தோட்டையில் ஆஸியா உம்மா என்ற விதவையின் வீட்டில் தங்கியிருந்தாள். பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் அந்த வீட்டுக்கும் வந்து, அவளுடைய கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு நாளில் ஒரு பொலிஸ் அதிகாரி நிறுவகத்துக்கு வந்தார். பின்னேரம் மூன்று மணி இருக்கும். தலைவர் அன்று கொழும்புக்குப் போயிருந்தார். அதிகாரி மரியாதையான மனிதர், தேநீருக்கு நன்றி சொன்னார். இந்தத் துறை தெரிந்தவர் நீங்கள் என்றார்கள், தமிழும் வாசிப்பீர்கள், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கொப்பியை மேசையில் வைத்தார். சிங்களத்தில்தான் பேசினோம்.

இது என்ன என்று கேட்டார். தூரத்தில் உள்ள இரண்டு பேர் மற்றவர்களுக்குத் தெரியாமல் ஓர் இரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் முறை என்றேன். அது உண்மை. பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நடுவில் நாங்கள் கேட்டால் அவர்களுக்குத் தெரிந்துவிடுமா என்றார். தெரிந்துவிடும், அதுதான் இதன் சிறப்பு என்றேன். அதுவும் உண்மை. அவர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போய்த் தவமணியிடம் இவ்வளவுதான் சொன்னேன். இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இவ்வளவுதான். கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன், ஒரு பொய்யும் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வி இருந்தது. அவர் கொப்பியைப் புரட்டி, தமிழில் எழுதியிருந்த இரண்டு சொற்களை விரலால் காட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இந்த அம்பிகா யார்? பாபு யார்?"

"தெரியாது" என்றேன்.

அந்தக் கேள்விக்குச் சிரித்திருக்கலாம். எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, அந்தத் துணுக்கு இருந்த முப்பத்தோராவது தாளை எடுத்துக் காட்டியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும். அது ஆங்கிலத்தில், எங்கள் தலைவரின் கையொப்பத்தோடு இருந்தது. அதிகாரி தேநீரைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். நான் கதிரையில் இருந்தபடியே இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது என்று பிறகு சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சொல் பயத்தில் வந்ததல்ல. மார்ச் முப்பத்தொன்று என்ற திகதி என் தலைக்குள் இருந்தது.

எங்கள் நிறுவகத்து ஆய்வுகூடத்திலிருந்து புஷ்பத்தைக் கூட்டிவரச் சொன்னார் அதிகாரி. இரண்டு நாள் விசாரணை, பிறகு அனுப்பிவிடுவோம் என்றார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்தாள். என் அறையைக் கடக்கும்போது நின்றாள்.

"சேர், அவங்களுக்கு வெளங்குற மாதிரி நீங்க சொல்லிட்டீங்கதானே?"

"சொல்லியிருக்கிறன்" என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். முகத்தில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. ஜீப் வாசலைத் தாண்டியதும் நான் அலுமாரியைத் திறந்து முப்பத்தோராவது தாளைப் பைலில் இருந்து எடுத்தேன். அதைக் கிழித்து, இரண்டு வெவ்வேறு குப்பைக் கூடைகளில் போட்டேன்.

அடுத்த வாரம் ஆஸியா உம்மா நிறுவகத்துக்கு வந்தார். பொலிசுக்கு மூன்று தடவை தனியாகவே போயிருக்கிறார். தலையில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி என் முன்னால் நின்றார்.

"நான் சொல்றது அவங்களுக்கு வெளங்குதில்ல வாப்பா. கணக்கு எழுதுற புள்ளன்டு சொன்னா, என்ன கணக்குன்டு கேக்குறாங்க. நீங்க ஒருக்கா எங்கூட வந்து சொன்னா சரி. படிச்ச மனிசன் சொன்னா கேப்பாங்க."

தலைவர் கடிதம் எழுதுகிறார், அதுதான் செல்லும் என்று சொல்லி அனுப்பினேன். தலைவர் உண்மையாகவே எழுதினார். கொப்பியில் இருப்பது உலகம் முழுவதும் தெரிந்த பௌதிகம், அந்தப் பெயர்கள் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை, இதற்கு நானே பொறுப்பு என்று சிங்களத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதி முத்திரை குத்தினார். மார்ச் இரண்டாம் திகதி. தானே கொண்டுபோவதாகச் சொன்னார். அவருக்கு மூட்டு வலி, நகரத்துக்கு எப்படியும் போகிற நான் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

பொலிஸ் நிலைய வாசல்வரை போனேன். கடிதம் பையில் இருந்தது. அங்கே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள், பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள். அரை மணித்தியாலம் நின்றேன். பிறகு, இன்றைக்கு முறை வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். கொடுத்துவிட்டேன், பார்ப்பதாகச் சொன்னார்கள் என்று தலைவரிடம் சொன்னேன்.

கணக்கு எனக்கு இப்படி இருந்தது: ஏப்ரல் முதலாம் திகதிக்குப் பிறகு கடிதத்தைக் கொடுப்பேன். அவள் வெளியே வருவாள். இன்னும் இருபத்தாறு வயதுதான், இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறொரு இடம் கிடைக்கும், தாளில் நானே தேடிப் போடுவேன். எனக்கு அடுத்த வருடம் இல்லை. நான்கு வாரம் ஒருத்தி பொலிசில் இருப்பது பெரிய காரியம் இல்லை என்று, 83இல் முகாமில் இருந்த நான், நினைத்தேன்.

அந்த நாட்களில் ஒரு நாள் தவமணி சலவைக்கு உடுப்பு எடுக்கும்போது கடிதத்தைக் கண்டாள். அதைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்று, "இது இன்னும் குடுக்கேல்லையோ?" என்றாள். "நாளைக்குக் குடுப்பன்" என்றேன். கடிதத்தை மேசையில் வைத்தாள். பிறகு அதைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இதை அவள்மேல் பழியாகச் சொல்லவில்லை.

மார்ச் இருபதாம் திகதி ஐரோப்பிய ஆய்வுகூடத்திலிருந்து புஷ்பத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: உங்களிடமிருந்து உறுதி வரவில்லையே, ஏதும் சிரமம் என்றால் சொல்லுங்கள், திகதியை நீடிக்கலாம். இந்தக் கடைசி வசனத்தை நான் பல தடவை வாசித்தேன். நீடிக்கலாம் என்றால் நான் காத்திருந்ததில் பிரயோசனம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அவளுடைய பெயரில் பதில் எழுதினேன். குடும்பக் காரணங்களால் இந்த இடத்தை ஏற்க முடியாமல் இருக்கிறேன், உங்கள் அன்புக்கு நன்றி. அவள் எழுதும் ஆங்கிலம் எனக்குப் பழக்கம். அவள் செய்யும் சின்னப் பிழை ஒன்றையும் அதில் விட்டேன்.

அவளுடைய அந்த ஆராய்ச்சியாளர் உடனே பதில் போட்டார். வருத்தமாக இருக்கிறது, எப்போது மனம் மாறினாலும் எழுதுங்கள் என்று.

எனக்குரிய மின்னஞ்சல் ஏப்ரல் முதலாம் திகதி வந்தது. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கே பொலிஸ் நிலையத்துக்குப் போய் வரிசையில் முதலாவதாக நின்றேன். அதே அதிகாரி. கடிதத்தை வாசித்தார், திகதியைப் பார்த்தார், திரும்பவும் வாசித்தார்.

"மாத்தையா, இதை ஒரு மாதம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே. அவளுடைய பைலில் இருந்தது அந்தக் கொப்பி மட்டும்தான்."

மார்ச் இருபத்தேழாம் திகதி அவளை இங்கிருந்து மாற்றிவிட்டார்கள் என்றார். கொழும்புக்கு என்று நினைத்தார். எந்த இடம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் அதை மறைத்ததாக நான் நினைக்கவில்லை. அவருடைய முகத்திலும் ஒரு சங்கடம் இருந்தது. கடிதத்தைப் பைலில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். அதன் பிறகு புஷ்பத்தைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை. எந்தச் சிறைப் பதிவிலும், எந்த முகாமின் பட்டியலிலும் அவளுடைய பெயர் இல்லை. இவ்வளவும் உங்களிடம் இருக்கும் மனுக்களில் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. மார்ச் இரண்டு என்ற திகதியை மட்டும் நான் எந்த மனுவிலும் எழுதவில்லை.

முதல் மனுவை அந்த ஏப்ரலிலேயே எழுதினேன். கறுப்பையா ஹுன்னஸ்கிரியவிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், விளிம்பில் இருந்தார். மகளை ஒரு தடவை பார்க்க விட்டார்களாம். மெலிந்திருந்தாளாம். "விமலநாதன் சேர் சொல்லியிருக்காரு, பயப்படாதீங்க" என்று அவருக்குத் தைரியம் சொன்னாளாம். அதனால்தான் என்னைத் தேடி வந்தார்.

மே மாதம் நான் தவமணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனேன். தலைவர் என் கையைப் பிடித்து, உங்களில் ஒருவராவது போகிறீர்களே என்றார். அங்கே என்னை நன்றாக நடத்தினார்கள். புஷ்பத்துக்கு எழுதிய ஆராய்ச்சியாளரின் பக்கத்து அறை எனக்கு. ஒரு நாள் மதியச் சாப்பாட்டில், உங்கள் நாட்டிலிருந்து ஒரு பெண் வருவதாக இருந்தது, என்ன ஆயிற்று என்று கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டது என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். லைன் பிழையையும் மனிதன் செய்யும் பிழையையும் பிரித்தறிவது பற்றித்தான் நான் ஆய்வுக்கட்டுரை எழுதினேன். அது அங்கே பாராட்டப்பட்டது.

அங்கிருந்தும் மனு எழுதினேன். எழுதித் தபாலில் அனுப்புவேன், கறுப்பையா கையெழுத்துப் போட்டு அனுப்புவார். செஞ்சிலுவைக்கு, மனித உரிமைக் குழுக்களுக்கு, ஒவ்வொரு ஜனாதிபதிக்கும், ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும். நல்ல மனுக்கள். நீங்களே வாசித்திருப்பீர்கள். 2001இல் திரும்பி வந்த பிறகு அவர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது வருவார். வரும்போது ஒரு தேயிலைப் பொட்டலம் கொண்டுவருவார். வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடும். அதனால் வாங்கினேன். அந்தத் தேநீரைக் குடித்தும் இருக்கிறேன்.

தவமணி என்னோடு திரும்பவில்லை. பிள்ளைகளின் படிப்பு என்று எல்லோருக்கும் சொன்னோம்.

போன மாதம் கறுப்பையா வந்தபோது கையில் ஒரு படிவம் இருந்தது. கிராம சேவகர் கொடுத்தாராம். மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் அலுவல் முடிந்துவிடும் என்று சொன்னாராம். அவருக்கு இப்போது எழுபத்தைந்து வயது, வலது கண் மங்கிவிட்டது. படிவத்தை என் மேசையில் வைத்து, கையால் நீவிவிட்டார்.

"உங்க புள்ளையா இருந்தா இதுல கையெழுத்துப் போடுவீங்களா சேர்?"

"போடாதேங்கோ" என்றேன். "இன்னொரு குழு வந்திருக்கு. அதுக்கு எழுதுவம்."

அவர் உடனே படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் சொன்னால் அவருக்குச் சரி. பிறகு, "அந்தக் கொப்பியில அப்பிடி என்னதாங்க இருந்துச்சு?" என்று கேட்டார். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார். நான் சொன்னேன். இரண்டு பேர் தூரத்தில் இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் ஒரு செய்தி சொல்ல வேண்டும், நடுவில் ஒருவன் கெடுக்கிறான், அவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் கணக்குப் போட்டாள் என்றேன்.

"கண்டுபுடிச்சிருச்சா?"

"ஓம்" என்றேன்.

"அந்தக் கொப்பியையாவது திருப்பிக் குடுக்கச் சொல்லி எழுதுங்க சேர். அவ அம்மா பாக்கணும்கிறா."

அப்படி எழுதப்பட்டதுதான் உங்கள் கையில் இருக்கும் கடைசி மனு. அதில் அவருடைய கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் அந்தக் கண்தான், வேறு சந்தேகம் வேண்டாம்.

நான் செய்தவை இவை. அறிவித்தலை மறைத்தேன். அவளுக்கு வந்த கடிதத்தை மறைத்தேன். இரண்டு பெயர்களும் வெறும் எடுத்துக்காட்டு என்று தெரிந்துகொண்டே தெரியாது என்றேன். அவளை வெளியே எடுத்திருக்கக்கூடிய தாளை ஒரு மாதம் பையில் வைத்திருந்தேன். அவள் பெயரில் எழுதி அவளுடைய இடத்தை எடுத்துக்கொண்டேன். அவளுடைய தகப்பனைப் பதின்மூன்று வருடம் என் வீட்டு வாசலுக்கு வரவைத்தேன். இதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டுமா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். என்னால் முடியவில்லை.

என் பக்கத்தில் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளும்படி கேட்கிறேன். இந்தத் துறையில் இன்றைக்கு இந்த நாட்டில் பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் தொடக்கம் நான் நடத்தும் வகுப்புத்தான். அந்தக் காலத்தில் இங்கிருந்து வெளியே போன கெட்டிக்காரர்களில் ஒருவரும் இந்த நாட்டை எட்டிப் பார்க்கவில்லை. புஷ்பம் போயிருந்தாலும் அங்கேயே இருந்திருப்பாள். நான் திரும்பி வந்தேன்.